டோக்கன் சரியாக இருந்தது

நம் குவார்ட்டர்ஸ் குழுவில் ஆளுக்கொரு பழைய நினைவை எழுதிப் போடச் சொல்லியிருந்தீர்கள். மூன்று வாரமாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வருகிறேன். காலைச் சங்கு, மண்ணெண்ணெய் வரிசை, மைதானத்தில் திரை கட்டிக் காட்டிய படம், சுற்றுச்சுவர் ஏறிப் புளியங்காய் அடித்து மாட்டிக்கொண்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பழநிப் பயணத்தை ஒருவரும் எழுதவில்லை. அந்த வேனில் வந்த பதினோரு பிள்ளைகளில் ஆறு பேர் இந்தக் குழுவில் இருக்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிடாது. என் மேல் இருக்கும் மரியாதைக்காக விட்டிருப்பீர்கள். எனக்கு அறுபது நெருங்குகிறது. இரண்டு முட்டியும் போய்விட்டன. இனி மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

யார் பெயரையும் போடமாட்டேன். அன்று கழுத்தில் தொங்கிய நம்பரைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் நாலு. என் தங்கை ஐந்து.

பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காக டோக்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் அப்பாமார்கள் வேலை பார்த்த ஆவடி ஃபாக்டரி கேட்டில் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கு மேல் நம்பர். ஒவ்வொருவருக்கும் அந்த நம்பர் குத்திய பித்தளை வில்லை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது அதைத் தன் ஆணியில் மாட்டவேண்டும். சங்கு ஊதி முடித்ததும் டைம்கீப்பர் வந்து பலகையைப் பார்ப்பார். டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். இல்லையென்றால் லீவு. ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் ஒருவனுக்காக இன்னொருவன் மாட்டுவதும் உண்டு. எங்கள் அப்பா சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். "இன்னிக்கி அவன்துத நான்தான் மாட்னேன். பாவம், சைக்கிள் பஞ்சராம். பத்து நிமிசத்துல ஓடியாந்துட்டான்." சொல்லும்போது குரலை இறக்கிக்கொள்வார். ஏனென்றால் பக்கத்து வீட்டில் இருந்தவரே டைம்கீப்பர். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் அப்பா பாரிவாக்கத்தில் வயலைத் தன் அண்ணனிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போகாது, மனசு ஒத்துப்போகும்.

அந்த மே மாதம் நான்கு குடும்பம் சேர்ந்து பழநிக்குக் கிளம்பினோம். ஒன்பதாம் நம்பருக்கு மொட்டை. வேனும் டிரைவரும் கரையான்சாவடி. பெரியவர்கள் எட்டு, பிள்ளைகள் பதினொன்று. வழியில் ஒரு பிள்ளையைத் தொலைத்துவிடுவோம் என்ற பயம் எல்லா அம்மாக்களுக்கும் இருந்தது. டைம்கீப்பர் மாமா அதற்கு ஒரு வழி சொன்னார். எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த பித்தளைக் குடம் ஒன்று கிடந்தது. அப்பா அதன் அடியை வெட்டி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ராவி, பதினோரு வில்லை செய்தார். நம்பர் குத்தினார். ஓரத்தில் துளை போட்டுச் சிவப்புக் கயிறு கோத்தார். ராவின தூள் வாசற்படியில் பல நாள் மின்னிக்கொண்டிருந்தது. அந்த உலோக வாசனை அம்மாவுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

மாமா ஒரு பலகையில் பதினோரு ஆணி அடித்துக் கொண்டுவந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியால் கட்டினார்.

"இன்னா சார், என் வண்டிய ஃபாக்டரி ஆக்கிட்டீங்க?" என்றார் டிரைவர்.

"ஏ புள்ளைகளா, ஏறுனதும் டோக்கன மாட்டணும். எறங்கும்போது எடுத்துக் களுத்துல போட்டுக்கிடணும். பதினொண்ணும் பலகையில இருந்தாத்தான் வண்டி நகரும். வெளங்குதா?" என்றார் மாமா. "வெளங்குது" என்று கத்தினோம்.

முறை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆணி எட்டாத சின்னதுகளுக்குப் பெரிய பிள்ளைகள் நாங்களே மாட்டிவிடுவோம். விழுப்புரம் ரயில்வே கேட்டில் எட்டாம் ஆணி காலியாக இருந்தது. எட்டாம் நம்பர் ஒரு பெட்டிக்கடை வாசலில் கோலிசோடா குண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிடித்துவந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெரியவரும் எங்களைத் தலை எண்ணவில்லை. பலகையைப் பார்த்தார்கள், கிளம்பினார்கள். அம்மா முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி ஓடினால் அவளுக்குக் குமட்டும்.

எங்கள் வீட்டில் தங்கை என் பொறுப்பு. கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டாள். "தோ பார், அவ கைய வுட்ட, உன் கைய ஒட்ச்சிடுவேன்." எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்தரை. அவள் எங்கே போனாலும் நின்றுவிடுவாள். எறும்புப் புற்று, சோடா மூடி, நாய்க்குட்டி, எதுவாக இருந்தாலும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவளை இழுத்துக்கொண்டு நான் வருவதற்குள் ஜன்னல் ஓரத்தை மூன்றாம் நம்பர் பிடித்துவிடுவாள். ஆவடியிலிருந்து திருச்சி வரை நான் நடுவில் உட்கார்ந்தே வந்தேன். மூன்றாம் நம்பரே, உன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

திருச்சி தாண்டி மேற்கே, காவிரிக்கரையில் ஒரு சின்ன ஊர். பிள்ளைகள் குளிக்க ஆழமில்லாத இடம் இருக்கிறது என்று யாரோ சொல்லி அங்கே நிறுத்தினார்கள். அதன் பெயரை அம்மா சாகும்வரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. 'அந்த ஊர்' என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கடைத்தெரு ஒன்றுதான். வாழைத்தார் குவித்த கடைகள், ஒரு சைக்கிள் கடை, ஈரச் சாக்கு வாசனை. தெரு முடியும் இடத்தில் ஆறு. வெயில் காலம், ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி முழங்கால் அளவுக்கு ஓடியது. மற்றதெல்லாம் மணல். நமக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீர், அது நிற்கும். இது காலுக்கடியில் மணலை இழுத்துக்கொண்டு போனது. தூரத்தில் நீளமாக ஒரு பாலம் தெரிந்தது.

"அக்கா, அதுல போவமா?" என்று கேட்டாள் தங்கை.

"போவோம்."

"போனா சொல்லு. நான் தூங்கினா எழுப்பு."

"சரி."

குளிக்கும்போது அவள் டோக்கன் கயிறு நனைந்து தலைமுடியில் சிக்கிக்கொண்டது. ஆற்றில் விழுந்துவிடும் என்று நானே கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நாலும் ஐந்தும் ஒன்றோடொன்று மோதி டிங் டிங் என்று சத்தம் வந்தது.

கரையில் ஒரு அம்மா பச்சைக் கோரையைக் கத்தியால் கீறி மணலில் விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பாய் முடைகிற கோரை. தங்கை அவள் எதிரில் போய்க் குந்திவிட்டாள். துண்டைச் சுற்றிவிட்டேன். கூப்பிட்டேன், வரவில்லை. அப்போது டைம்கீப்பர் மாமா விசில் ஊதினார்.

மூன்றாம் நம்பர் இன்னும் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் காலியாக இருந்தது. "வா வா, வந்துடு" என்று தங்கையைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினேன். அவள் எழுந்ததைப் பார்த்தேன். பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்தேன். வண்டியில் ஏறி நாலாம் ஆணியில் என் டோக்கனை மாட்டினேன். ஐந்து காலியாக இருந்தால் மாமா சத்தம் போடுவார், அம்மா கண்ணைத் திறப்பாள், என்னை இறக்கிவிட்டு அவளைக் கூட்டிவரச் சொல்வார்கள், ஜன்னல் போய்விடும். ஐந்தையும் மாட்டினேன். அப்பா சிநேகிதனுக்கு மாட்டியதைப் போலத்தான். பத்து நிமிடத்தில் ஓடிவந்துவிடுவான் என்ற அதே நம்பிக்கை.

ஜன்னலில் உட்கார்ந்தேன். ஆற்றுக்கு எதிர்ப்பக்கம். வாழைத்தோப்பு தெரிந்தது. பின்னால் படுக்கை மூட்டைகளின் மேல் சின்னப் பிள்ளைகள் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். எந்தச் சின்னது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாமா பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு ஆணியாக விரலை நகர்த்தினார்.

"பதினொண்ணு. டோக்கன் சரியா இருக்கு. எடுங்க வண்டிய."

பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். தங்கைக்குக் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் வந்தது. எழுப்பலாம் என்று திரும்பி மூட்டைகளைப் பார்த்தேன். ஆறு, ஏழு, பத்து, பதினொன்று இருந்தார்கள். தங்கை இல்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. பலகையைப் பார்த்தேன். ஐந்தாம் ஆணியில் டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது நான் கத்தியிருக்கவேண்டும். பாலம் முடியவே இல்லை, அவ்வளவு நீளம். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், டிரைவர் நிறுத்தியிருப்பார், ஐந்து நிமிடத்தில் திரும்பியிருப்போம். நான் கத்தவில்லை. அழுகையும் வரவில்லை. டோக்கன் இருக்கிறது, ஆகவே அவள் எங்கேயோ உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா என் கையை ஒடிப்பாள் என்பதும் தெரிந்தது. இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று இத்தனை வருடம் யோசித்தும் தெரியவில்லை. கரூர் வரை ஒரு மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன பார்த்தேன் என்று ஒன்றுகூட நினைவில்லை.

கரூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அம்மா எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கடி சின்னவ?" என்றாள்.

"பின்னாடி" என்றேன்.

மூட்டைகளை எல்லாம் இறக்கினார்கள். அம்மா போட்ட சத்தம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்பா பலகையில் ஐந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டோக்கன் சரியா இருந்துச்சே, டோக்கன் சரியா இருந்துச்சே" என்று அதையே சொன்னார்.

திரும்பிப் போகும் வழியில் டிரைவர் மெதுவாகச் சொன்னார். "சார், நான் கண்ணாடில பாத்துகினு இருந்தேன். பெரிய பொண்ணு ரெண்டு தபா கைய தூக்குச்சி…"

"நீ ரோட்ட பாத்து ஓட்டுயா" என்றார் அப்பா. டிரைவர் கியரை மாற்றினார். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்று மணி இருக்கும். தங்கை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் பச்சையாக இருந்தன. கோரை அம்மா அவள் தலையைச் சீவி இறுக்கிப் பின்னியிருந்தாள்.

"ஏம்மா, பெத்த புள்ளைய எண்ணிப் பாக்க மாட்டீங்களா?" என்று எங்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள் அந்தக் கோரை அம்மா. "அதுபாட்டுக்கு வந்து ஒக்காந்துச்சு. நான் ஒரு வா சோறு குடுத்தேன், தின்னுச்சு. அழுவவே இல்ல. அழுதாத்தான எனக்கும் வெளங்கும்? நீங்க கடத்தெருவுக்குப் போயிருக்கீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. அவருக்குக் கணக்கு சரிவரவேண்டும். "டோக்கன் மாட்டி கீது. ஏறினாதான் மாட்ட முடியும். அப்ப ஏறிகீறா. மாட்டிட்டு எறங்கி ஓடியாந்துகீறா." மாமா வேகமாகத் தலையை ஆட்டினார். அவர் முறையில் தப்பில்லை என்று ஆகிவிட்டது. அப்பா தங்கையை அம்மாவிடமிருந்து பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டார். ஐந்தரை வயதுப் பிள்ளை மணலில் விழுந்து எழுந்தாள். "எறங்கி ஓடுவியா? ஓடுவியா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஓடமாட்டேன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் எட்டி அந்த ஆணியைத் தொடக்கூட முடியாது என்பதை அத்தனை பெரியவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும்.

பழநியில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒன்பதாம் நம்பரின் மொட்டைத் தலையில் சந்தனம் இருந்தது, அது மட்டும்தான். தங்கையை யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். பலகை பிறகு மாமா வீட்டில் சாவி மாட்டப் பயன்பட்டது. டோக்கன்களை அம்மா அந்த வருடமே பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள். என் நாலும் அதோடு போய்விட்டது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் எழுதவேண்டிய அவசியமே இல்லை. அந்த அறைகள் ஒரு நாளில் ஆறிவிட்டன. ஆனால் தங்கைக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. இறங்கி ஓடுகிறவள். பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள், அவளை அனுப்பவில்லை. பிளஸ் டூ முடித்து வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா அசையவில்லை. "அவ ஒரு எடத்துல நிக்கறவ இல்ல. வெளியூருலாம் சரிப்படாது." நான் அதற்கு முன்பே ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போய், விடுதியில் தங்கிப் படித்து, வேலையிலும் சேர்ந்துவிட்டேன். என்னை நம்பி அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் நான் ஊரில்தான் இருந்தேன். அப்பாவிடம் போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைக் காட்டுப்பாக்கத்தில் கொடுத்தார்கள், வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். வெளியூர்ப் பயணம் என்றாலே அவளுக்குப் பயம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். பயம் அவளுக்கு இல்லை. நாங்கள் ஊட்டியது.

போன தை மாதம் கரூரில் ஒரு கல்யாணம். என் மகன் காரில் கூட்டிப்போனான். தங்கையும் வந்தாள். பெரிய ரோடு இப்போது தென்கரையிலேயே போய்விடுகிறது, அந்த ஊருக்குள் போகவேண்டியதே இல்லை. ஓரிடத்தில் பச்சைப் பலகையில் பேரும் அம்புக்குறியும் வந்தன. அதுவரை தூங்குகிறாள் என்று நினைத்திருந்த தங்கை, "தம்பி, அந்தப் பக்கம் திருப்பு" என்றாள்.

"இன்னா சித்தி கீது அங்க?" என்றான் மகன்.

"சும்மா. ஆறு பாக்கலாம்."

பாலத்தின் மேல் போனோம். அவள் ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம். கடைத்தெருவில் வாழைத்தார்கள் அப்படியே இருந்தன. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கோரை காயப் போட்ட மணல் எல்லாம் தண்ணீருக்கு அடியில். மகன் போன் பேசிக்கொண்டு காரிலேயே நின்றுவிட்டான். படிக்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்தோம். இனிமேல் விட்டால் இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கி உன் டோக்கன மாட்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிப் படி வரைக்கும் உன் பின்னாலயே வந்தேன்க்கா. மொதல்ல உன்துத மாட்ன. அப்பறம் என்துத மாட்ன. பாத்துட்டு அந்தம்மாகிட்டயே திரும்பிப் போய்ட்டேன். குட்டியா ஒரு பாய் பின்னித் தரேன்னு சொல்லிச்சு."

"வண்டி கெளம்பிடும்னு தெரியாதா உனக்கு?"

"கெளம்பறத பாத்துகினுதான் இருந்தேன். டோக்கன் மாட்டிட்டா ஆளு உள்ள கீதுன்னு அர்த்தம், மாமா அப்டித்தான சொன்னாரு? நான் வண்டிலதான் போய்கினு கீறேன்னு நென்ச்சிகினேன். அதான் அழல." லேசாகச் சிரித்தாள். "எவ்ளோ கூமுட்டையா இருந்துகீறேன் பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா அடிச்சப்போ இன்னாத்துக்கு சொல்லாம இருந்த?"

"சொன்னா உன்ன அடிப்பாரு. நீ இன்னா வேணும்னா செஞ்ச? நான் பின்னால வரேன்னு நென்ச்சிதான மாட்ன." செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தாள். தண்ணீரை அளைந்துகொண்டே கேட்டாள். "கரூர்ல அம்மா தேடனப்பதான நான் இல்லன்னு உனக்கே தெரியும்?"

அவள் முகத்தில் சந்தேகம் ஒன்றுமில்லை. சும்மா கேட்டாள். ஐம்பது வருடமாக அப்படித்தான் நம்பியிருக்கிறாள்.

"ஆமா" என்றேன். "கரூர்லதான்."

அவள் தலையை ஆட்டினாள். மகன் ஹாரன் அடித்தான். எழுந்து போய் ஏறினோம். கல்யாணத்தில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நிறையப் பேரிடம் பேசினாள். அடுத்த வருடம் ராமேஸ்வரம் போகலாமா என்று என்னைக் கேட்டாள்.

ஐந்தாம் நம்பரும் இந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாருடைய நினைவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறாள். நேரில் சொல்ல எனக்கு இரண்டாவது முறையும் வாய் வரவில்லை, அதனால்தான் உங்கள் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். தங்கச்சி, கரூரில் இல்லை. பாலம் வந்தால் சொல்லச் சொல்லியிருந்தாய். சொல்வதற்காகத்தான் திரும்பினேன்.